என் பெயரில் ஒரு துப்பாக்கி

என் கை சின்னது. வளையல் கடைக்காரர் முதலில் ஆளைப் பார்த்து ஒரு டப்பாவை எடுப்பார். கையை நீட்டியதும் அதை ஓரமாக வைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான டப்பாவைத் திறப்பார். போலீஸ் வேலைக்கு எடுத்தபோது உயரம் அளந்தார்கள், ஓடவிட்டார்கள், குண்டு எறியச் சொன்னார்கள். கையை யாரும் அளக்கவில்லை. பயிற்சியில் கொடுத்த பழைய பிஸ்டல் ஒல்லியானது, அது எப்படியோ என் உள்ளங்கைக்குள் அடங்கியது. அதனால் துப்பாக்கி விஷயத்தில் என் கை ஒரு குறையாக எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்போது நான் ஆற்றோரத்து ஸ்டேஷன் ஒன்றில் எஸ்.ஐ. பரமத்தி வேலூர்ப் பக்கம் என்ற வரைக்கும் சொல்கிறேன், எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் நெடுஞ்சாலை. இடையில் வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு. எங்களுக்கு வரும் வழக்கெல்லாம் வாய்க்கால் தண்ணீர்த் தகராறு, டாஸ்மாக் அடிதடி, ரோட்டோரம் நிறுத்திய லாரியில் தார்ப்பாயைக் கிழித்துச் சரக்கு எடுப்பது, இப்படித்தான்.

அந்த வருஷம் வெளிநாட்டுக் கம்பெனித் துப்பாக்கிகள் கொஞ்சம் வந்தன. நிறைய விலை என்று வருவதற்கு முன்பே பேச்சு. எல்லோருக்கும் வாங்குவதற்கு முன்னால் சிலரிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். அந்தச் சிலரில் ஒரு பெண் எஸ்.ஐ. இருந்தால் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். என் பெயர் வந்தது.

ஆயுதப்படை மைதானத்தில் வைத்துக் கொடுத்தார்கள். ஆயுதப் பயிற்சி கொடுக்கும் எஸ்.ஐ. ஒருவர், நல்ல மனுஷன், பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பழைய பிஸ்டலின் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்கும். இதில் இரண்டு வரிசை, செங்கல் அடுக்குகிற மாதிரி மாற்றி மாற்றி. அதனால் ஒரு தடவை நிரப்பினால் பழையதைப் போல இரண்டு மடங்கு சுடலாம். அதனாலேயே பிடியும் தடிமன். "பத்து வருஷம் சேத்துல போட்டு எடுத்தாலும் சுடும்மா இது" என்றார். தனியாகப் பூட்டு எதுவும் கிடையாது, விசையில் விரல் பட்டால் வெடிக்கும், அதனால் விசையை முழுக்க மூடுகிற உறை இல்லாமல் இதை இடுப்பில் வைக்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னார்.

கையில் வாங்கினேன். தடித்த மக்காச்சோளக் கதிர் ஒன்றைப் பிடித்த மாதிரி இருந்தது. சுற்றிப் பிடித்தால் விரல் நுனி மட்டும் விசையைத் தொட்டது. விசை எட்டும்படி கையை நகர்த்தினால் பிடி நழுவியது. சுட்ட முதல் சில குண்டுகள் எல்லாம் இடது ஓரத்தில் போய் விழுந்தன. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பயிற்சி எஸ்.ஐ. சிரிக்கவில்லை. என் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதன் பிடிக்குப் பின்னால் ஒரு பட்டை இருக்கிறது, கழற்றி மாற்றலாம், சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு கம்பெனியே கொடுக்கிறது, சின்னதைப் போட்டால் உனக்குச் சரியாக வந்துவிடும் என்றார். எங்கே அது என்று கேட்டேன். பெட்டியோடு ஸ்டோரில் இருக்கிறது. உதிரிப் பொருள் என்று கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். உதிரிப் பொருளை வெளியே கொடுக்கத் தனியாக ஆர்டர் வர வேண்டும். எழுதிப் போடு என்றார். எழுதிப் போட்டேன். வரவில்லை. மறுபடி எழுதினேன். ஆயுதத்தின் அமைப்பை மாற்ற அனுமதி இல்லை என்று பதில் வந்தது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது நல்ல துப்பாக்கி. அன்றைக்கே, கட்டை விரலைக் கொஞ்சம் திருப்பி வைத்து ஒரு மாதிரி பிடித்துப் பழகியதும், கடைசியில் சுட்டவை எல்லாம் அட்டையின் நடுவில் ஒரு டம்ளர் வாய் அகலத்துக்குள் விழுந்தன. பழைய பிஸ்டல் அடிக்கடி சிக்கும். தட்டி, இழுத்து, திட்டி, மறுபடி சுட வேண்டும். இது ஒரு தடவை கூடச் சிக்கவில்லை. அதே பழைய தோட்டாக்களைத்தான் இதற்கும் கொடுத்திருந்தார்கள். வண்டி ஏறி ஊருக்குத் திரும்பும்போது, சின்ன வயதில் அப்பா புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்த அன்றைக்கு இருந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு இருந்தது.

ஸ்டேஷனில் அதை முதலில் வாங்கிப் பார்த்தவர் எங்கள் ஏட்டையா. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரர். அப்பா காலத்திலிருந்து மொத்த மளிகை வியாபாரம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் கடையில் உட்கார்ந்தபோது இவர் மட்டும் காக்கிதான் வேண்டும் என்று வந்தவர். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முடிந்தால் போவார், பந்தோபஸ்து வந்தால் விட்டுவிடுவார். என்னை விட வயதில் மூத்தவர். நான் அந்த ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்தபோது யார் சொல்வதை நம்பலாம், யார் வீட்டு வாசலில் எந்த நேரத்தில் போய் நிற்கக் கூடாது என்பதெல்லாம் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். எங்கே போனாலும் நாங்கள் இரண்டு பேரும்தான் போவோம்.

துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனமாத்தான் இருக்குது மேடம். எங்க வெப்பீங்க?" என்றார்.

துப்பாக்கியோடு உறை வரவில்லை. ஸ்டேஷனில் இருந்த பழைய துணி உறைக்குள் அது நுழையவில்லை. நாமக்கல்லில் லாரி சீட் தைக்கிற ஒருவர் ஏட்டையாவுக்குப் பழக்கம். அவரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் துப்பாக்கியைத் தொடப் பயந்துகொண்டு, அட்டையில் அதன் உருவத்தை வரைந்து வாங்கி, லாரி டிரைவர் சீட்டுக்குப் போடுகிற தடித்த ரெக்சினில் உள்ளே தகரம் வைத்து ஒரு உறை தைத்துக் கொடுத்தார். விசை முழுக்க மூடியிருந்தது. பார்க்க அசிங்கம்தான். ஆனால் ஓடினாலும் குனிந்தாலும் துப்பாக்கி அசையவில்லை.

கொஞ்ச நாள் கட்டிக்கொண்டு திரிந்தேன். ஜீப் சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பெலும்பில் குத்தியது. வண்டியில் போகும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கழற்றினால் தோல் கன்றியிருக்கும். அவ்வளவு பெரியதைத் தூக்கிக்கொண்டு திரிவது அவசியமா என்று எனக்கே சந்தேகம் வந்ததுண்டு. எங்கள் பக்கத்தில் டூட்டியில் நிஜமாகச் சுட்டவர்கள் ரொம்பக் குறைவு. அவர்களும் வானத்தைப் பார்த்து ஒன்றிரண்டு. மேகசின் முழுக்கத் தீரும் வரைக்கும் சுடுகிற சண்டை எங்கள் வாழைத் தோட்டங்களில் நடப்பதில்லை. குறைந்த தோட்டாவும் ஒல்லியான பிடியும் போதும், ஆனால் இதைப் போலச் சிக்காமல் இருக்க வேண்டும் என்று ஏட்டையாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் துப்பாக்கியே தேவையில்லை என்கிற கட்சி. பேசினால் முக்கால்வாசிப் பேர் கேட்பார்கள் என்பார். மீதிக் கால்வாசிக்கு என்ன செய்வது என்று கேட்டால் சிரிப்பார்.

எங்கள் இன்ஸ்பெக்டருக்கு அந்த உறையைப் பார்த்த நாளே பிடிக்கவில்லை. அறைக்குள் கூப்பிட்டார். அரசாங்கத் துப்பாக்கியை ரெக்சினில் போட்டுத் திரிவது எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டார். விதிப்படி உறை கொடுங்கள் ஐயா, போட்டுக்கொள்கிறேன் என்றேன். கோபப்படவில்லை அவர். உட்காரச் சொன்னார். அவரோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவர் பஸ்ஸில் தூங்கிப்போய்த் துப்பாக்கியைத் தொலைத்த கதையைச் சொன்னார். வருஷக்கணக்கில் சஸ்பென்ஷன். பிள்ளைக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் அதைக் கேட்டார்களாம். "இதோட விலை என்ன தெரியுமாம்மா? தொலைஞ்சா நீயும் நானும் சேர்ந்து போவோம்" என்றார். நிஜமாகவே பயந்திருந்தார் என்று நினைக்கிறேன். அவர் மேல் எனக்கு இருக்கிற கசப்பு வேறு விஷயத்துக்கு. இந்தப் பயத்துக்கு இல்லை.

அன்றிலிருந்து துப்பாக்கி ஸ்டேஷன் இரும்புப் பெட்டியில். சாவி அவர் பையில். மந்திரி வந்தால், தேர்தல் வந்தால், மேலதிகாரி பார்வையிட வந்தால் வெளியே எடுத்துத் துடைத்து என் இடுப்புக்கு வரும். எழுத்தில் எந்த உத்தரவும் இல்லை, வாயால் சொன்னதுதான். ஸ்டேஷன் பதிவேடு எழுதும் ரைட்டருக்குத் தெரியும், வாசல் காவலுக்குப் பாராவில் நிற்கிறவர்களுக்குத் தெரியும், ஸ்டேஷனுக்கு டீ கொண்டு வருகிறவருக்குக் கூடத் தெரியும்.

ஒரு லாரிச் சரக்குத் திருட்டு வழக்கில் ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தோம். தார்ப்பாயைக் கிழிக்கும்போது டிரைவர் விழித்துக்கொண்டார் என்று அவரைத் தோளில் வெட்டிவிட்டு ஓடியவன். வெளியூர்க்காரன். ஒரு நாள் காலையில் ஆற்றோரத் தோட்டக்காரர் ஒருவர் போன் செய்தார். மோட்டார் ரூமில் யாரோ படுத்திருக்கிறான், நேற்றே பார்த்தேன், நம்ம ஆள் இல்லை, கை காலெல்லாம் சிராய்ப்பு என்றார். அடையாளம் ஒத்துப்போனது.

இன்ஸ்பெக்டர் கோர்ட் வேலையாக நாமக்கல் போயிருந்தார். போன் செய்து விஷயத்தைச் சொல்லி, ஏற்கெனவே ஒருவரை வெட்டியவன், துப்பாக்கி எடுத்துக்கொண்டு போகிறேன், பெட்டியைத் திறக்க என்ன வழி என்று கேட்டேன்.

"அதை எடுத்துக்கிட்டு வாழைத் தோட்டத்துக்குள்ள ஓடுவியாம்மா? எங்கயாவது வாய்க்கால்ல விழுந்தா யாரு தேடறது? ஒருத்தன்தானே. போய் அமுக்கிட்டு வாங்க" என்றார்.

நான் மறுபடி கேட்டேன். கோர்ட்டில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார்.

காத்திருக்கலாமா என்று ஏட்டையாவைக் கேட்டேன். அவன் போய்விட்டால் டிரைவருக்கு என்ன பதில் சொல்வது என்றார். நானும் அதையேதான் நினைத்தேன். நான், ஏட்டையா, ஜீப் ஓட்டும் காவலர், மூன்று பேர் கிளம்பினோம். கையில் லத்தி.

வெயில் ஏறியிருந்தது. தோட்டத்து வரப்பில் தோட்டக்காரரும் அவர் மனைவியும் வாழைத்தார் வெட்ட வந்த ஆட்களும் நின்றார்கள். மோட்டார் ரூமின் கதவு பாதி சாத்தியிருந்தது. ஜீப் ஓட்டுபவரைப் பின்பக்கம் போகச் சொல்லிவிட்டு நானும் ஏட்டையாவும் முன்பக்கம் போனோம். நாங்கள் நெருங்குவதற்குள் அவனே வெளியே வந்தான். சின்னப் பையன் இல்லை, பெரிய ஆளும் இல்லை, ஒடிசலாக இருந்தான். கையில் தார் வெட்டுகிற அரிவாள். அங்கேயே சுவரில் செருகி வைத்திருந்ததை எடுத்திருக்கிறான்.

நான் நின்றேன். ஏட்டையா லத்தியைக் கீழே இறக்கிக்கொண்டு, எப்போதும் பேசுகிற குரலில் பேசினார். "தம்பி, அதைக் கீழ போட்டுடு. ஒண்ணும் ஆகல இன்னும். தண்ணி குடிச்சியா? வா, முதல்ல தண்ணி குடி."

அவன் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கிறான் என்றே நினைத்தேன். அரிவாள் கொஞ்சம் தாழ்ந்தது. அந்த நேரத்தில் பின்பக்கம் காய்ந்த வாழைச் சருகில் ஜீப் ஓட்டுபவர் கால் வைத்த சத்தம் கேட்டது. அவன் திரும்பினான், மறுபடி இந்தப் பக்கம் திரும்பினான், வீசினான். ஏட்டையா முகத்துக்கு முன்னால் வலது கையைத் தூக்கினார்.

நான் லத்தியால் அவன் முழங்கையில் அடித்தேன். அரிவாள் விழுந்தது. அவன் வாழைக்குள் ஓடினான். தார் வெட்ட வந்தவர்களும் ஜீப் ஓட்டுபவரும் துரத்தி, வாய்க்காலில் வைத்து அமுக்கிவிட்டார்கள். அதையெல்லாம் நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போது நான் ஏட்டையாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தோட்டக்காரரின் மனைவி தன் புருஷன் தோளில் கிடந்த துண்டை உருவிக் கொடுத்தார். அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டே, "ஏட்டையா, என்னைப் பாருங்க, என்னைப் பாருங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கீழே மண்ணில் தேடிக்கொண்டிருந்தார். தோட்டக்காரரின் மனைவிதான் விரல்களை எடுத்து வாழை இலையில் வைத்துச் சுருட்டிக் கொடுத்தார்.

பரமத்தி வேலூரில் கட்டுப் போட்டு, சேலத்துக்குப் போனோம். ஒட்டவைக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். கட்டை விரலும் அடுத்த விரலும் தப்பின.

துப்பாக்கி கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவனுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற தூரம்தான். அதை எடுத்து நீட்டியிருந்தால், பார்த்த உடனே அவன் போட்டிருக்கலாம். போடாமலும் இருந்திருக்கலாம். என் விரல் விசையில் ஒழுங்காக எட்டாமல் குண்டு இடது பக்கம் போயிருக்கலாம், இடது பக்கம் நின்றவர் ஏட்டையா. தெரியாது. எனக்கு ஆற மாட்டேன் என்கிற விஷயமே அதுதான், தெரியாது என்பது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பு என் பெயரில் இருந்தது, பெட்டிக்குள்.

விசாரணைக்கு டி.எஸ்.பி. வந்தார். முதல் கேள்வியே என்னிடம்தான். உன் பெயரில் நவீன ஆயுதம் கொடுக்கப்பட்டிருக்கிறது, ஆயுதம் வைத்திருக்கும் குற்றவாளியைப் பிடிக்கப் போகும்போது ஏன் எடுத்துக்கொண்டு போகவில்லை? பெட்டியில் பூட்டி வைக்கச் சொல்லி உத்தரவு, சாவி என்னிடம் இல்லை, போனில் கேட்டேன், மறுத்துவிட்டார்கள் என்றேன். டி.எஸ்.பி. இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அப்படி நான் உத்தரவு எதுவும் போடலைங்க ஐயா. அவங்க பேருக்கு இருக்கிற ஆயுதம். எடுக்க வேண்டாம்னு நான் ஏன் சொல்லப் போறேன்? சாவி ரைட்டர்கிட்டதான் இருந்திருக்கும்."

ரைட்டரைக் கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்றார். பாராவைக் கேட்டார்கள். தான் அன்றைக்கு வேறு வேலையில் இருந்ததாகச் சொன்னார். போனில் பேசினேனே என்றேன். பேசினார்கள், சம்பவ இடத்துக்குப் போவதைப் பற்றித்தான் பேசினார்கள் என்றார் இன்ஸ்பெக்டர். வெளியே வந்தபோது ரைட்டர் என் பின்னாலேயே வந்து, ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க இருக்குதுங்க மேடம் என்றார். எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவர் மேல் கோபப்படக் கூட எனக்குச் சத்து இல்லை.

பதினேழு-பி கொடுத்தார்கள். எங்கள் துறையில் அது பெரிய மெமோ. கொடுக்கப்பட்ட ஆயுதத்தைப் பயன்படுத்தாமல் அலட்சியமாக இருந்து உடன் பணிபுரிந்தவர் ஊனமடையக் காரணமானது என்று எழுதியிருந்தது. ஏட்டையாவையும் ஆஸ்பத்திரியில் வைத்து விசாரித்தார்கள். மேடம் போனில் கேட்டார்கள், நான் பக்கத்தில் நின்றேன் என்று அவர் சொன்னார். மயக்க மருந்தில் இருந்த நேரம், அதைக் கணக்கில் எடுக்க முடியாது என்றார்கள். மயக்கம் தெளிந்த பிறகு வந்து கேளுங்கள் என்று அவர் தம்பி சொல்லியிருக்கிறார். யாரும் வரவில்லை.

என்னைச் சேலத்தில் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றினார்கள். வயர்லெஸ் முன்னால் உட்காருகிற வேலை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு பார்த்துக் குடிவந்தோம். மெமோ இழுத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் துப்பாக்கி பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டம் வந்தது. முதலில் கொடுத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் வர வேண்டும், நிறைய வாங்கலாமா என்று முடிவு செய்யப் போகிறார்கள். பட்டியலிலிருந்து என் பெயரை நீக்க மறந்திருக்கிறார்கள். போனேன். நீள மேஜை, மேலே வெள்ளைத் துணி, ஒவ்வொருவர் முன்னாலும் தண்ணீர் பாட்டில். பெரிய அதிகாரி ஒருவர் மரியாதையாகவே ஆரம்பித்தார். இவ்வளவு விலை கொடுத்து வாங்குவது தகுமா, வேலைக்கு உதவுகிறதா, மனதில் பட்டதைத் தயங்காமல் சொல்லுங்கள் என்றார்.

வரிசையாகச் சொன்னார்கள். ரொம்பத் திருப்தி ஐயா. கைக்கு அடக்கமாக இருக்கிறது ஐயா. நம்பிக்கை வந்திருக்கிறது ஐயா. அதில் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய துப்பாக்கி இன்னும் வந்த பெட்டியிலேயே, எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் இருக்கிறது என்று கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் வராந்தாவில் என்னிடம் சொன்னவர் அவர்.

என் முறை வந்தது. எழுந்து நின்றேன்.

"துப்பாக்கி ரொம்ப நல்லதுங்க ஐயா. எங்களுக்கு அதைக் கொடுக்கவே இல்லைங்க. எங்க பேரை மட்டும் அதுக்குக் கொடுத்தீங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். புரியும்படி சொல்லும்மா என்றார். சொன்னேன். சின்னக் கைக்கான பட்டை ஸ்டோரில் கிடக்கிறது. உறை இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை கைப்பிடியளவு தோட்டா கொடுத்துச் சுடச் சொன்னால் எந்தத் துப்பாக்கியும் கைக்குப் பழகாது. தொலைந்தால் வேலை போகும் என்ற பயத்தில் எல்லாம் பெட்டிக்குள் தூங்குகிறது. இதையெல்லாம் சரி செய்தால் இது கொடுத்த விலைக்கு மேலேயே உழைக்கும். சரி செய்யாவிட்டால் பழைய துப்பாக்கியே போதும், பெட்டியில் இருப்பதற்கு அது மலிவு. இவ்வளவும் சொல்லிவிட்டு, என் ஏட்டையாவின் கையைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன். ஓரமாக உட்கார்ந்திருந்த டி.எஸ்.பி. எழுந்து அதிகாரியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். மெமோ விஷயம்தான், வேறு என்ன. அதிகாரி தலையாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து, உட்காரும்மா, அது தனி விஷயம், அதை இங்கே கலக்க வேண்டாம் என்றார். டீ வந்தது. எல்லோரும் பிஸ்கட் எடுத்தார்கள். எனக்கு அடுத்தவர் எழுந்து, ரொம்பத் திருப்தி ஐயா என்றார்.

துப்பாக்கிகள் வாங்கினார்கள். முன்பை விட நிறைய. மெமோவில் எனக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வு வந்தது, இந்த விஷயத்தால் இல்லை, அவருடைய வரிசை வந்தது, அவ்வளவுதான். என் பெயரில் இருந்த துப்பாக்கியை எடுத்து ஒரு அதிகாரியின் பாதுகாவலருக்குக் கொடுத்திருந்தார்கள். சேலத்தில் ஒரு விழா மேடைக்குக் கீழே நான் பந்தோபஸ்தில் நின்றபோது அந்த ஆளைப் பார்த்தேன். பிடியின் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கும், ஜீப் கதவில் நான் இடித்தது, அதை வைத்துத்தான் தெரிந்தது. பளபளவென்று புது உறை போட்டிருந்தார்கள். எங்கே கொடுத்தார்கள் உறை என்று கேட்டேன். துப்பாக்கியோடுதான் மேடம் வந்தது, எல்லாவற்றுக்கும் வந்ததே என்றார். அந்த ஆள் பொய் சொல்லவில்லை. எனக்கு வரவேண்டியது எந்த அறையில் கிடந்தது என்று இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது.

ஏட்டையாவுக்குச் சேலத்திலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். கொஞ்ச நாள் போனார். ஃபைல் எடுத்துக் கொடுக்கிற இடத்தில் நிற்க முடியவில்லை என்று விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு, எந்தக் கடையில் உட்கார மாட்டேன் என்று வந்தாரோ அந்தக் கடைக்கே போய் உட்கார்ந்தார். ஆரம்பத்தில் நான் விடுமுறைக்கு விடுமுறை போவேன். செவ்வாய்ப்பேட்டை சந்து, ஆட்டோவும் மூட்டை வண்டியும் நுழைந்து நெரிகிற இடம். கடை வாசலில் நின்றால் தம்பி ஸ்டூல் எடுத்துப் போடுவார். ஏட்டையா இடது கையால் டீயை வாங்கி என்னிடம் நீட்டுவார். ஊர் விஷயம் பேசுவோம். வலது கையை மடியில் துண்டுக்குக் கீழே வைத்திருப்பார். கடைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்பார்கள், கேட்டதும் அவர் முகம் மாறிவிடும், தம்பிதான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்.

ஒரு நாள் கடையில் கூட்டம் இல்லை. தம்பி சாப்பிடப் போயிருந்தார். துப்பாக்கிக்கான அந்தக் கருத்துக் கூட்டத்தில் நான் பேசியதை ஏட்டையாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தேன் போலிருக்கிறது. அவர் முழுக்கக் கேட்டார். எதிரே இருந்த மிளகாய் மூட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மேடம், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே வராதீங்க. உங்க மேல ஒண்ணுமில்ல. உங்களைப் பார்த்தா எனக்கு இல்லாத விரலெல்லாம் வலிக்குது. நீங்க போன பெறகும் சாயங்காலம் வரைக்கும் வலிக்குது."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். சரிங்க ஏட்டையா என்றேன். போயிட்டு வாரேன் என்று பழக்கத்தில் வாயில் வந்தது, வந்த பிறகுதான் உறைத்தது. அவரும் பழக்கத்தில் எழுந்து நின்றார், மேலதிகாரி கிளம்பும்போது நிற்கிற மாதிரி.

அதன் பிறகு நான் போகவில்லை. மாதச் சாமான் வாங்கச் செவ்வாய்ப்பேட்டைக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அந்தச் சந்துக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு, வேறு தெருவில் ஒரு கடையில் பருப்பு வாங்குகிறேன். அங்கே பருப்பு அவ்வளவு நன்றாக இருப்பதில்லை.